பிரெடிகாவா

“ப்ரீச்,” என்றார் ஜெயசுதா மிஸ், செல்போனுக்குள்ளிருந்து. “அர்த்தம் சொல்லுங்க, இத்தாலியன்ல சொல்லுங்க, ஒரு வாக்கியமும் வேணும். இசைவாணி, நீங்க.”

இசைவாணி நோட்டைப் புரட்டினாள். போதித்தல், உபதேசித்தல், பிரசங்கம் செய்தல். இத்தாலியனில் பிரெடிகாரே. நேற்றே எழுதிவைத்திருந்தாள்.

வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குடம் நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அவள் அதை மூடவில்லை.

பாதிரியார் கோயிலில் பேசுவதற்கும் இதே சொல்தான், வீட்டில் அப்பா பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துப் புத்தி சொல்வதற்கும் இதே சொல்தான் என்றார் மிஸ். இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாலியிலும் அப்பாக்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

அவளுடைய அப்பா மாயவனுக்கு மரவள்ளி லாரிகளில் லோடு ஏற்றும் வேலை. கருணாபுரத்தில் அவருக்கு வைத்த பெயர் அதிகப்பிரசங்கி. பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள்.

செருப்பைக் கவிழ்த்துப் போட்டால் ஒரு பிரசங்கம். வாசற்படியில் உட்கார்ந்தால் இன்னொன்று. சாப்பிடும்போது காலாட்டினால் சோறு ஆறிப்போகும் வரைக்கும் நடக்கும்.

குழாயைச் சொட்டவிட்டால்தான் பெரிய பிரசங்கம். வெள்ளிமலைக்கு மேலே சனங்கள் ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஆரம்பிப்பார். அம்மா ரங்கம்மாள் குழம்பைக் கூட்டி, கொதிக்கவைத்து, இறக்கியும் விடுவாள். அவர் அப்போதும் மலையை விட்டு இறங்கியிருக்கமாட்டார்.

ஒருமுறை அந்த மலைக்கு ஜீப்பில் போனார்கள். டிரைவருக்கே கியர் மாற்றுவதைப் பற்றி வளைவுக்கு வளைவு பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் டிரைவர் அவரைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டான். அப்போது இசைவாணிக்குப் பதினொரு வயது. மானம் போகிறதே என்று, யாரோ எவரோ போலத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

இப்போது அந்த ஜீப் கிடைத்தால் ஓடிப்போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள்.

சாராயத்தைப் பற்றி மட்டும் அவர் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. சாயங்காலமானால் அவரும் பாக்கெட் வாங்கப் போகிறவர்தானே. வீட்டிலும் யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நர்சிங் படித்த மகளும் சொல்லவில்லை.

2024 ஜூனில் விஷச் சாராயத்தால் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சாவுப் பந்தல் போட்டார்கள். அந்த ஜூனோடு இந்த வீட்டில் பிரசங்கமும் நின்றுபோனது.

இன்னும் முப்பத்தெட்டு நாளில் அவளுக்கு விமானம். இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போவதற்குள் அந்தக் குரல் ஒரே ஒரு தடவை, திட்டாகவாவது, காதில் விழுந்தால் போதும் என்று கிடந்து தவிக்கிறாள். செருப்பை வேண்டுமென்றே கவிழ்த்துப் போடுகிறாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து படிக்கிறாள். ‘உனுக்கு இன்னா பைத்தியமா’ என்று அம்மா மட்டும்தான் கேட்கிறாள்.

“வாக்கியம்?” என்றார் மிஸ்.

“மியோ பாத்ரே பிரெடிகாவா.”

என் அப்பா பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். முன்பெல்லாம் வழக்கமாக நடந்ததைச் சொல்ல, கடைசியில் ஒரு ‘வா’ சேர்க்கவேண்டும். முடிந்துபோனதையெல்லாம் வா வா என்று கூப்பிடுகிற பாஷை. இலக்கணத்தில் அவளுக்குப் பிடித்தது அந்த ஒரு பாடம்தான்.



“சாரிம்மா,” என்றார் மிஸ். “அப்பா இறந்து எவ்வளவு நாளாச்சு?”

இசைவாணி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

சுவரோரமாக, பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியோடு மாயவன் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண்ணைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லையே என்ற வெட்கத்தில் வீட்டுக்கு வந்தவர், அன்றிலிருந்து ‘ம்’, ‘வேணாம்’ என்பதற்கு மேல் பேசியதில்லை.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மிஸ் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும். பதறிப்போய் அதை அணைக்கக் கையை நீட்டினாள்.

“இசை.”

கை அப்படியே நின்றது.

“இன்னா பொண்ணு நீ? பைப்பு அப்பலேர்ந்து சொட்டிக்கினே கீது. மலை மேல ஒரு கொடம் தண்ணிக்கு சனங்க இன்னா பாடு படுது தெர்மா உனுக்கு...”

தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

“மிஸ், நான் தப்பா சொல்லிட்டேங்க,” என்றாள் இசைவாணி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நோட்டில் ‘வா’வை மட்டும் அடித்தாள். பிரெடிகா. பிரசங்கம் செய்கிறார்.

அப்பா அதற்குள் வெள்ளிமலைக்குப் பாதி தூரம் ஏறியிருந்தார். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அதை மூட மட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.