மாமன் பட்டம்

"மாப்ள வூடா, பொண்ணு வூடா?"

சந்தனக் கிண்ணத்தை நீட்டியபடி பெரியவர் கேட்டார்.

"பொண்ணு வூடு," என்றான் ராஜவேல்.

"என்ன மொற?"

"தாய்மாமன்."

"அப்ப ஏன்யா தூணோட தூணா நிக்கிற? சீருக்குப் பயந்து பதுங்குறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜவேலும் சிரித்தான். நாலு பேர் நடுவில் நின்று அவன் சிரித்து எத்தனை வருஷமாயிற்று.

முகூர்த்த நாள். திருவந்திபுரம் மலை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. தூணுக்குத் தூண் ஒரு கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேளம்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெள்ளிப் பட்டம் இருந்தது. சிதம்பரத்தில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது. அக்கா மகள் கயல்விழியின் நெற்றியில் அதை அவன் கட்ட வேண்டும். மாமன் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி.

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை அவனுக்கு. மெஷின் ஓடினால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பதினெட்டு வருஷமாக அந்த வேலையை விடாமல் இருப்பதே அதற்காகத்தான்.

தனியாக இருக்கத்தான் அவனுக்குப் பிடிக்கும் என்று சொந்தமெல்லாம் சொல்லும். வேலை விட்டதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாதவர்களின் பேச்சை அவன் மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஒன்று வந்தால் பேச்சு எழுத்துக்கு எழுத்து தடுக்கும்; டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

இந்த ஒரு மாதமாக மெஷின் சத்தத்துக்குள் இரண்டே வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். பட்டம் கட்டியதும் கயல்விழியிடம் சொல்ல.

"பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? வாங்கோ!" ஐயர் கூப்பிட்டார்.

காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

"ராஜவேலு எங்கடா?" என்று யாரோ கேட்டார்கள்.

மேளத்தை மீறி அக்காவின் குரல் கேட்டது.

"அவன் வரமாட்டான் சாமி. சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான். தனியா இருந்தாதான் அவனுக்கு நிம்மதி. வுட்டுடுங்க, பாவம்."

அவள் திட்டியிருந்தால்கூட ஓடிப்போய் முன்னால் நின்றிருப்பான்.

பெரியப்பா மகன் கலியமூர்த்தி, மலையடிவாரத்தில் வாங்கிய ஜிகினாப் பட்டத்தைக் கயல்விழிக்குக் கட்டினான்.

நாலு தூண் தள்ளி அது நடந்தது. அங்கே இருந்த அத்தனை பேரையும் ராஜவேலுக்குத் தெரியும். அதனால்தான் காலையில் வந்ததும், ஒருத்தரையும் தெரியாத இந்தக் கல்யாணத்துக்குள் புகுந்து நின்றுகொண்டான்.

அங்கே தாலி ஏறியபோது கையிலிருந்த அட்சதையை வீசினான். இரண்டு தூண்கூடத் தாண்டவில்லை.

"இங்க தாலி கட்டி அரை மணி ஆச்சு, மாமன் இப்பத்தான் முழிச்சுக்கிட்டாரு," என்றார் பெரியவர். தோளைப் பிடித்துப் பெண் மாப்பிள்ளை முன்னால் தள்ளினார்.

அந்தப் பெண் குனிந்து காலைத் தொட்டாள். யாரென்று பார்க்கவில்லை. காலையிலிருந்து அவள் விழுந்து எழுந்த கால்களில் இதுவும் ஒன்று.

"நல்லா இருக்கணும் பாப்பா," என்றான் ராஜவேல். "எது ஒண்ணுன்னாலும் மாமன் இருக்கேன், மறந்துடாத."

ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.