மதிய மாத்திரை

டாக்டர் ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்த்தார்.

தைராய்டு கட்டுக்குள் வரவில்லை. ரத்தமும் ஏறவில்லை.

"இத்தனை மாசமா மாத்திரை சாப்பிடறீங்க. எப்படிச் சாப்பிடறீங்கம்மா?"

அம்சவேணி திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் கணவர் துரைசாமி.

தினமும் விடியலில் அவர்தான் முதலில் எழுவார். காப்பி போடுவார். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சத்து மாத்திரை, மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவார்.

"ஒண்ணா முழுங்கிட்டா வேலை முடிஞ்சுது அம்மிணி."

நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். அப்படிப்பட்ட நாட்களில் அந்தக் காப்பி நேரம் ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அதை எப்படிச் சொல்வது?

"நாந்தானுங்க சார், எல்லாத்தையும் ஒண்ணா காப்பியோட போட்டுக்கிட்டேன். யாரையும் கேக்கல."

"அவ இல்லீங்க." துரைசாமி தரையைப் பார்த்தார். "நாந்தான் குடுத்தேன்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு, வெறும் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. இரும்புச்சத்து மாத்திரை கூடவே போனால் அதை உடம்பில் சேரவிடாது. அதை மதியத்துக்கும் சத்து மாத்திரையை ராத்திரிக்கும் தள்ளி வையுங்கள் என்றார்.

"டோஸ் கூட்ட வேண்டாம். இப்படிச் சாப்பிட்டுப் பார்ப்போம்."

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் காதோர முடியில் விசைத்தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்துவிட்டாள். அதற்கும் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஒரே ஒரு சின்ன மாத்திரை. ஒரு டம்ளர் தண்ணீர்.

அவர் உட்காரவில்லை. கட்டில் மேல் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

அவள் தனியாக அதை விழுங்கினாள்.

மதியம் அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தது. செக்கிங் மேசையை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அவள் எலுமிச்சைத் தண்ணீரில் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாள்.

செல்போன் அடித்தது.

அவர்.

கல்யாணமான நாளிலிருந்து தறிக்கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டதே இல்லை. அந்தச் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்காது.

இன்று சத்தமே இல்லை. எங்கோ ஒரு லாரி ஹாரன். தறியை நிறுத்திவிட்டு ரோட்டுக்கே வந்திருக்கிறார்.

"அம்மிணி..." குரல் தயங்கியது. "மதிய மாத்திர போட்டுட்டியா?"

அவள் நாக்கில் எலுமிச்சையின் புளிப்பு இன்னும் போகவில்லை.

"அய்யோ, மறந்தே போனேனுங்க," என்றாள். "நல்லவேளை கூப்பிட்டீங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நாளைக்கும் கூப்பிடுங்க."