மவுஸ் வாங்கிய அடி

ஒரு வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று தன் மவுசோடும் கீபோர்டோடும் வாழ்ந்து வந்தது. வயதாகிவிட்டதால் ஒரு படத்தைத் திறக்கவே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் வீட்டுக்காரர் மரியதாஸ், படமே இல்லாமல் வெறும் எழுத்திலேயே ஓடுகிற ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் போட்டார். கம்ப்யூட்டர் சிட்டாகப் பறந்தது.

"இத்தனை நாள் என்னை இழுத்துப் பிடித்ததே நீதான். இனி உனக்கு இங்கே வேலை இல்லை, கிளம்பு," என்றது அது மவுசிடம்.

மரியதாஸ் மவுசைக் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்.

மறுநாள் கீபோர்டு கேட்டது: "அதன் முதுகில் இருந்த விரிசலைப் பார்த்திருக்கிறாயா?"

"எங்கேயாவது விழுந்திருக்கும்."

"விழவில்லை. நீ திணறி நிற்கும்போதெல்லாம், மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் அதை மேஜையில் ஓங்கி அடிப்பார். அதுவும் வாங்கிக்கொள்ளும்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டது. உனக்கு மனசு தாங்காதாம்."

அப்போது மரியதாஸ் வந்து சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் நொடியில் எழுந்து நின்றது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"போகும்போது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்," என்றது கம்ப்யூட்டர், கீபோர்டுக்கு மட்டும் கேட்கும்படி.