தானாக ஓடாது

"எவன் வேலை இது? வீடியோ ஏன் தானா ஓட மாட்டேங்குது?"

ஜான்சன் போட்ட சத்தம் பயிற்சி அறைக்கு வெளியேயும் கேட்டது. ஆம்பூரிலுள்ள அந்தத் தோல் ஆலைக்கு அவர் மேனேஜராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அதட்டலில் முதலாளியையே மிஞ்சிவிட்டார்.

"எவனும் இல்ல சார், நான்தான்" என்றாள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கௌசர். "பிரவுசர் செட்டிங்ஸ்ல ஆட்டோபிளேவ ஆஃப் பண்ணிட்டேன். நாலு சிஸ்டத்துலயும்."

"இன்னாத்துக்கு?"

"இனிமே ஆள் வந்து உக்காந்து பட்டன அமுக்கினாதான் ஓடும். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடாது."

ஜான்சனுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்களிடம் ஷூவுக்குத் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி திடீரென்று ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஆலையின் முந்நூறு தொழிலாளர்களும் பன்னிரண்டு பாதுகாப்பு வீடியோக்களைப் பார்த்து முடிக்க வேண்டும். நாளைக் காலை ஆடிட்டர் வருகிறார்.

முந்நூறு பேரையும் உட்காரவைத்துப் படம் காட்டினால் உற்பத்தி என்ன ஆவது? ஜான்சன் சுருக்கு வழி கண்டுபிடித்தார். ஒருவருடைய டோக்கன் நம்பரைப் போட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆளில்லாத அறையில் பன்னிரண்டு வீடியோவும் வரிசையாகத் தானே ஓடும். அவர் திரும்பி வரும்போது 'முழுமையாகப் பார்த்தார்' என்று பச்சை டிக் விழுந்திருக்கும். ஒரு வாரமாக இப்படித்தான் நடந்தது. இன்னும் முப்பது நம்பர்தான் பாக்கி.

"தோ பாரு கௌசர், பேஜார் பண்ணாத. ஒழுங்கா பழையபடி மாத்திடு."

"முடியாது சார்."

ஜான்சன் மவுஸைப் பிடுங்கி அங்கே இங்கே அழுத்தினார். செட்டிங்ஸ் எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பாழாய்ப்போன வீடியோ அசையாமல் நின்றது.

"உன் வேலைக்கே உலை வெச்சிக்காதம்மா. நாளைலருந்து நாட்றம்பள்ளியில உன் வீட்லயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

கௌசருக்குப் பயம்தான். வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் காலையில் வீடியோ பார்த்து முடித்தவர்களின் லிஸ்டைப் பார்த்ததும் வந்த ஆத்திரம் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

"வேலையிலருந்து எடுத்துடுங்க சார். ஆனா இந்தப் பொய்ய என் கையால ஓட்ட மாட்டேன்."

"இதுல யாருக்கு இன்னா நஷ்டம்? எல்லாரும் பாஸ். ரெக்கார்ட் பக்கா. ஆடிட்டர் எந்த நம்பரக் கேட்டாலும் தைரியமா காட்டலாம்."

"எந்த நம்பரக் கேட்டாலுமா?"

"எதுவா இருந்தாலும்!"

கௌசர் லிஸ்டில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். "எண்பத்தேழக் கேட்டா?"

ஜான்சன் குனிந்து பார்த்தார். நேற்று மதியம் அவரே தட்டிவிட்டுப் போன நம்பர்தான். "பாரேன், பன்னெண்டு வீடியோவும் நூத்துக்கு நூறு. இதுக்கு இன்னா குறைச்சல்?"

"ஆள நேர்ல கூப்பிடச் சொன்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

"கூப்புடுவேன்! 'பாத்தேன் சார், புரிஞ்சுது சார்'னு ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா அவனுக்கு? நானே சொல்லிக் குடுக்கறேன். சொல்லலன்னா அவனுக்கும் வேலை இல்ல. இப்பவே வரச் சொல்லு அந்த எண்பத்தேழ!"

கௌசர் எழுந்து நின்றாள். அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"வர மாட்டாரு சார். எண்பத்தேழு நம்ம பெருமாள் அண்ணன். போன மாசம் கழிவுத் தொட்டியில எறங்கி கேஸ் அடிச்சி செத்தாரே, நீங்கதான சார் கம்பெனி மாலைய அவருக்குப் போட்டீங்க?"