பச்சைப் பட்டு

கல்லூரி மன்றத்தில் சேர வருகிறவர்கள் பட்டுப்புடவையில்தான் வரவேண்டும் என்று சீனியர்கள் சொல்லிவிட்டார்கள். விடுதியின் பதினொன்றாம் அறையில் நான்கு பேருக்கும் சேர்த்து இருந்ததோ ஒரே பச்சைப் பட்டு. முதலில் ஜெபா கட்டிப் போய் வந்தாள். குளியலறையில் அவள் அவிழ்த்ததை ரம்லா கட்டினாள். அடுத்து கோமளவல்லி. இடுப்பில் ரம்லாவின் சூடு இன்னும் இருந்தது. கொசுவம் கலையாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து மன்ற அறைக்குள் போனாள்.

மேசைக்குப் பின்னால் மூன்று சீனியர்கள். நடுவிலிருந்த வினோதா அவள் நகத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து தோளில் முந்தானையை விரலால் தூக்கினாள். ஊக்கு குத்திய துளைகள் வரிசையாக இருந்தன.

“இந்தப் புடவை இன்னிக்கு மூணாவது வாட்டி உள்ள வருது,” என்றாள். “ஒரு இடந்தான் இருக்கு. மூணு பேர்ல யாருக்கு இது எடுப்பா இருந்துச்சு? நீயே சொல்லு. அவளையே எடுத்துக்கறோம்.”

கோமளவல்லிக்குத் தன் பெயர் தொண்டைவரை வந்து நின்றது. குளியலறையில் அறையின் நாலாவது ஆள் தாமரை பாவாடையும் ரவிக்கையுமாகக் காத்துக்கொண்டிருப்பாள்.

“இன்னும் ஒருத்தி இருக்காக்கா.” கை தோளிலிருந்த ஊக்கைக் கழற்றியது. “அவளுக்கும் கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.”