பொன்னாடைக்குக் குனிந்த கழுத்து

பீளமேட்டில் ஒரு மாடி ஹாலில் வாசகர் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிவரியாகக் கிடத்தியிருக்கிறது. தமிழ்வேந்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சர்வாதிகாரி ஒருவன் ஆளும் நாட்டில் நடக்கும் நாவலைப் பற்றிப் பேசுகிறான். உயிர் நண்பனின் கடிதத்தைப் போலீசிடம் கொடுத்துவிட்டு, அவன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் கதை. "சோத்துல கை வெக்கறப்போகூட அவனுக்குக் கை நடுங்கலீங்க. அந்தப் பக்கத்தத் தாண்ட முடியாம அழுதுபோட்டேனுங்க" என்கிறான். மூன்றாவது வரிசையில் மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மில்லில் சங்கம் வைக்க அவள் ரகசியமாக எழுதிய மனுவை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தவன் இவன்தான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவளுக்கு வேலை போன அன்று வீடு தேடி வந்து, அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "தைரியமா இருங்க அம்மணி" என்று சொல்லிப்போனவனும் இவன்தான்.

கைதட்டல் ஓய்கிறது. விவரம் தெரியாத செயலாளர், "ஒரே மில்லுல வேல பாத்தவங்க, மெர்சியே பொன்னாடை போத்தட்டுங்க" என்று கூப்பிடுகிறார். ஜரிகைச் சால்வை அவள் கைக்கு வருகிறது. அவன் சிரித்தபடி கழுத்தைக் குனித்துக் காத்திருக்கிறான். செல்போன்கள் படமெடுக்க உயர்கின்றன. மெர்சி மைக்கைத் தன் பக்கம் திருப்புகிறாள்.

"ஏனுங்க, கதையில வர்றவனுக்குக் கை நடுங்கலீன்னு சொன்னீங்களே. எங்கூட்டுக் காப்பி டம்ளரப் புடிச்சப்போ உங்களுக்கு நடுங்குச்சுங்களா?"

குனிந்த கழுத்து நிமிரவில்லை. சால்வை அவள் கையிலேயே இருக்கிறது.