அணுவளவு பக்தி

சிங்கப்பூரில் கிளமெண்டிப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் துவாரகனுக்கும் வினுஷாவுக்கும் ஒரே வேலை. கரும்படிகத்தில் டேப்பை ஒட்டி உரித்து, ஓர் அணுத் தடிமனில் தாள் எடுக்க வேண்டும். நாளைய குட்டி மின்னணுக் கருவிகளுக்கு அதுதான் உயிர். வெள்ளிக்கிழமைக்குள் யார் அதிகம் எடுக்கிறாரோ, ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வரும்.

துவாரகன் எடுத்ததெல்லாம் கிழிந்தது. வினுஷாவுக்கோ முழுசு முழுசாக வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கவனித்தான். ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். பிறகுதான் படிகத்தைத் தொட்டாள்.

“சாமி கும்பிட்டுட்டா வேலை பார்க்கற? சயின்டிஸ்ட்லா நீ!”

“நெத்தி காலியா இருந்தா எனக்கு ஒண்ணுமே வராது, துவா,” என்று சிரித்தாள்.

கோயில் வாசலையே மிதிக்காத துவாரகன், மறுநாள் தேக்கா பக்கத்துக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தான். நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டு டேப்பை உரித்தான். தாள் கிழிந்ததோடு விபூதியும் படிகத்தில் கொட்டியது.

“அப்படி என்னதான்லா பண்ற நீ?” என்று கெஞ்சினான்.

வினுஷா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். படிகத்தில் அழுத்தி மெல்லத் தூக்கினாள். தாள் முழுசாக வந்தது.

“டேப்புல பசை ஜாஸ்தி, கிழிச்சிடும். பொட்டு கொஞ்ச நேரம் நெத்தியில இருந்தா பசை பதமாயிடும்.”

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“விபூதி உனக்கு அழகாத்தான் இருக்கு, துவா. ஆனா அது ஒட்டாதே!”